நாள் தவறாமை

மலையும் மக்களும்

தமிழ்நாட்டின் நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாய் உயர்ந்து விளங்குவது கொல்லிமலை. அடிவாரத்தில் உள்ள காரவல்லியினின்று மேலேறும் பாதை 70 கொண்டையூசி வளைவுகளை உடையது. வளைவுகள் ஒவ்வொன்றாய்க் கழியக் கழியச் சமவெளியின் வெம்மை குறைகிறது. குளிர்ந்த காற்று எதிர்கொள்கிறது. ஏறத்தாழ ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் சோளக்காடு, செம்மேடு முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. மரங்களைத் தழுவிப் படர்ந்த மிளகுக் கொடிகளும், காப்பித் தோட்டங்களும், பலாவும், வாழையும், அன்னாசியும் அங்குக் கண்ணைக் கவர்கின்றன. சாமையும் கேழ்வரகும் தினையும் அம்மலை மக்களின் பழைய உணவுப் பயிர்கள். ஐயாறு என்னும் ஆறு ஆகாயகங்கை என்ற பெயருடன் ஏறத்தாழ 300 அடி உயரத்தினின்று வீழ்கின்றது. அதன் அருகே அறப்பளீசுவரர் கோயில் உள்ளது.

இம்மலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப்படுவர். இவர்கள் கேரள நாட்டு மலையாளிகளின் வேறானவர். மலையில் வாழ்வோர் என்னும் பொருளிலேயே இவர்களுக்கு இப்பெயர் வழங்குகிறது. இவர்தம் தாய்மொழி தமிழே. ஊர்த்தொகுதிகளை நாடு எனக் கூறும் பழைய வழக்கு இவர்களிடம் இன்றும் உண்டு. வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு என்னும் பெயர்களைக் கேட்பார்க்குப் பண்டைத் தமிழகத்தின் நினைவு எழும்.

இந்நாடுகளில் சிற்றூர்கள் நெருங்கி இருப்பதில்லை. ஒரு சரிவில் சில வீடுகள். ஓர் ஓடை கடந்தால் மற்றொரு சரிவில் வேறு சில வீடுகள். ஆதலின், விடியற்காலையில் பனிமூட்டம் விலகுமுன்னரே புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கி ஏறிப் பள்ளிக்குச் செல்லும் சிறுவர் சிறுமியர் பலர். சமவெளியில் வாழும் மாணவர்க்குப் பள்ளி தெருமுனையில் இருக்கலாம். மலையில் வாழும் மாணவர்க்கு அஃது ஒரு குன்றுக்கு அப்பால் இருக்கலாம். இருவர்க்கும் பள்ளி மணி ஒன்றே, பாடநூல் ஒன்றே, இறுதியில் எழுதும் தேர்வும் ஒன்றே. எனவே, 'நாள் தவறாது பள்ளிக்கு வருதல்' என்னும் கடமையின் அருமையையும் பெருமையையும் ஆராய்வதற்குக் கொல்லிமலையினும் ஏற்ற இடம் அரிது.

ஓரியின் வில்

கொல்லிமலையை ஆண்டவன் வல்வில் ஓரி. அவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். ஆண்டுதோறும் ஆடித் திங்களில் செம்மேட்டில் அவனுக்கு அரசு விழா நடைபெறுகிறது. வன்பரணர் என்னும் புலவர் அவனது வில்லாற்றலைப் புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் வியந்து கூறியுள்ளார். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்திற்று, புலியைத் துளைத்தது, மானை உருட்டிற்று, காட்டுப்பன்றியைச் சாய்த்தது, இறுதியில் புற்றருகே கிடந்த உடும்பிற் சென்று தைத்தது.

இச்செய்தியைக் கேட்போர் அம்பின் விரைவை வியப்பர். ஆனால் எண்ணிப் பார்க்கத்தக்கது வேறொன்றும் உண்டு. அந்தக் கை அவ்வாற்றலை ஒரு நாளில் பெற்றிருக்குமோ? வில் எடுத்த முதல் நாள் குறி தவறியிருக்கும். நாண் உரசி விரல் சிவந்திருக்கும். மறுநாளும் வில்லை எடுத்தான்; அதற்கு மறுநாளும் எடுத்தான். அவ்வாறு நாள் தவறாது எடுத்த வில்லே பின்னர் வல்வில் ஆயிற்று. எந்தக் கலையும் இவ்வாறே. கல்வியும் அதற்கு விலக்கன்று.

அப்பாட்டில் மற்றொரு செய்தியும் உண்டு. காட்டு வழியே வந்த பாணர் கூட்டத்தார், எதிர்ப்பட்ட வேட்டுவன் ஓரி என்பதை அறியாமலே அவன் முன்னர்ப் பாடினர். பாட்டினிடையே அரசனைக் குறிக்கும் சொல் வந்ததும், அது தன்னைச் சுட்டுவது என உணர்ந்து ஓரி நாணினான். ஒப்பற்ற வில்லாற்றல் உடையவன் புகழுரை கேட்டுத் தலைநிமிரவில்லை, நாணி நின்றான். பின்னர் அவர்கள் தம் விருப்பத்தைச் சொல்லுமுன்னரே உணவும், தன் மலையிற் பிறந்த பொன்னும் மணியும் அளித்து விடுத்தான். ஆற்றல் ஒரு கண்ணாயின், அடக்கம் மற்றொரு கண். பள்ளி ஒரு மாணவனிடம் எதிர்பார்ப்பவை இவ்விரண்டுமே. ஆற்றல் வளர்வதற்கு வேண்டுவது நாள் தவறா வருகை. ஆற்றல் அழகு பெறுவதற்கு வேண்டுவது நல்லொழுக்கம்.

வருகைப் பதிவேடு

காலை மணி ஒலித்து வழிபாடு முடிந்ததும் வகுப்பாசிரியர் முதலிற் கையில் எடுப்பது பாடநூல் அன்று; வருகைப் பதிவேடு. பெயர்கள் ஒவ்வொன்றாய் அழைக்கப்படுகின்றன. "உள்ளேன் ஐயா" என்னும் விடை ஒவ்வொன்றாய் வருகின்றது. ஒரு பெயருக்கு மட்டும் விடை வரவில்லை. ஆசிரியர் தலை நிமிர்ந்து பார்க்கிறார். வெற்றிடம் ஒன்று தெரிகின்றது. அப்பெயருக்கு நேரே அன்றைய கட்டத்தில் வராமைக் குறி விழுகின்றது.

ஒரு நாள் வராமையால் என்ன குறைந்துவிடும் எனச் சிலர் வினவுவர். இதற்குக் கணக்கே விடை கூறும். 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2010 ஏப்பிரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஓராண்டுக்கு 220 வேலை நாள்கள் வேண்டும் என்று கூறுகின்றது. வாரத்தில் ஐந்து நாள் பள்ளி நடைபெறுமாயின் 220 நாள் என்பது 44 வாரம். ஒரு மாணவன் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே வாராது நின்றான் என வைத்துக்கொள்க. ஓராண்டில் அவன் இழப்பது 44 நாள். மூன்று ஆண்டுகளில் இழப்பது 132 நாள். அஃதாவது ஒரு கல்வியாண்டிற் பாதிக்கும் மேல்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் பொதுத் தேர்வு எழுதுவோர்க்கு நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது விதி. 75 இருந்தாற் போதும் என்று எண்ணுவோரும் உளர். 220 நாளில் நூற்றுக்கு 75 என்பது 165 நாள். எஞ்சிய 55 நாள் இழப்பு. இவ்வாறு நான்கு ஆண்டு கழியுமாயின் 55 நான்கு முறை சேர்ந்து 220 ஆகும். ஓர் ஆண்டு முழுவதும் பள்ளி வாயிலை மிதியாததற்கு அது நிகர். விதி குறித்த எல்லை, நோயும் இடையூறும் நேர்ந்தோர்க்காக விடப்பட்ட தாழ்ந்த எல்லை. முயன்று அடைய வேண்டிய உயர்ந்த எல்லை அன்று.

வலி இல்லாத காயம்

இவ்வளவு இழப்பு நேர்வதாயின் மாணவர் அதனை உடனே உணர்ந்து திருந்தாதது ஏன்? இதனை விளக்குவதற்குக் கொல்லிமலையில் வளர்ந்த மருத்துவர் ஒருவரின் வரலாறு துணை செய்யும்.

அவர் பெயர் பால் பிராண்டு. அவர்தம் பெற்றோராகிய செசி பிராண்டும் எவிலின் பிராண்டும் இங்கிலாந்திலிருந்து வந்து கொல்லிமலையில் தங்கி, நோயுற்றோர்க்கு மருந்து அளித்தும் பள்ளிகள் ஏற்படுத்தியும் தொண்டு புரிந்தனர். 1914இற் பிறந்த பால், இம்மலையின் மரங்களிலும் ஓடைகளிலும் விளையாடி வளர்ந்தார். ஒன்பதாம் அகவையில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். 1929இல் அவர் தந்தையார் கொல்லிமலையிலேயே காய்ச்சலால் இறந்தார். பால் முதலில் தச்சும் கொத்தும் பயின்றார். பின்னரே மருத்துவம் கற்றார். 1946இல் வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை மருத்துவத்தால் மீண்டும் இயங்கச் செய்து உலகப் புகழ் எய்தினார்.

தொழுநோயாளரின் விரல்கள் தேய்ந்து மறைவது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். நோயே சதையை அழுகச் செய்கின்றது என அக்காலத்தில் பலரும் நம்பினர். உண்மை அதுவன்று. நோய் நரம்பைத் தாக்குகின்றது. நரம்பு கெட்ட கைக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் நோயாளர் சூடான கலத்தைத் தயங்காது பற்றுவர்; புண்பட்ட விரலால் மேலும் மேலும் வேலை செய்வர். சிறு காயம் பெரும் புண் ஆகும். புண் முற்றி விரல் போகும். சிலருடைய விரல்கள் இரவில் குறைந்தமை கண்டு காவல் இருந்து பார்த்தபோது, உறங்குவோரின் உணர்ச்சியற்ற விரலை எலிகள் கடித்தமை தெரியவந்தது. அதன்பின் நோயாளர்க்குப் பூனைகள் வளர்க்கத் தரப்பட்டன. கையையும் காலையும் நாள்தோறும் தவறாது உற்றுநோக்கிச் சிறு கீறலையும் அன்றே கவனித்தல் வேண்டும் என்னும் பழக்கம் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. அப்பழக்கத்தைக் கைவிடாதவர் தம் விரல்களைக் காத்துக்கொண்டனர்.

பள்ளிக்கு வாராத நாளும் இத்தகைய காயமே. அது வலிப்பதில்லை. வாராத அன்று மாணவன் மகிழ்ச்சியாகவே இருக்கிறான்; ஓடையில் நீந்துகிறான்; மரநிழலில் உறங்குகிறான். அவன் இழந்தது பின்னங்களைக் கூட்டும் முறையாக இருக்கலாம். வேற்றுமை உருபின் பயனாக இருக்கலாம். அவ்விழப்பு அன்று தெரியாது. அடுத்த வாரத்துப் பாடம் அதன்மேல் எழுப்பப்படும்போது அவனுக்கு விளங்காது. விளங்காத வகுப்பில் அமர்வது துன்பம் தரும். துன்பத்துக்கு அஞ்சி மறுநாளும் வாராது நிற்பான். இவ்வாறு ஒரு நாள் பல நாள் ஆகும். பல நாள் பள்ளியை விட்டே நீங்குதலில் முடியும். வலிக்கும் காயத்துக்கு மருந்து தேடுவோர் பலர். வலியாத காயத்தைத் தேடிக் காண்பதே அறிவுடைமை. நாள்தோறும் எடுக்கப்படும் வருகைப் பதிவு, அத்தகைய காயத்தை அன்றன்றே காட்டும் கண்ணாடி.

கால் பங்குக் கல்வி

பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர் தாம் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதியில் கல்வி நிரம்பும் வகையைக் கூறியுள்ளார். ஆசிரியர் சொன்னதை ஒருவன் முற்றும் மனத்திற் கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது காற்கூறே. உடன் பயில்வோரோடு பழகிப் பயிலுவதால் மற்றொரு காற்கூறு வரும். தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும். இதுவே அவர் கருத்து.

பள்ளிக்கு வாராத மாணவன் மறுநாள் நண்பனுடைய குறிப்பேட்டைப் பார்த்து எழுதிக்கொள்கிறான். அதனால் இழப்பு நீங்கிற்று என நினைக்கிறான். நீங்கவில்லை. அவன் படியெடுத்துக்கொண்டது ஆசிரியர் உரையின் ஒரு பகுதியே. ஒருவன் வினா எழுப்ப, மற்றொருவன் தவறாக விடை கூற, ஆசிரியர் திருத்த, வகுப்பு முழுதும் தெளிவு பெற்ற அந்த நேரத்தை எந்தக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்தல் இயலாது. உடன் பயில்வோர் தரும் கூறும், பிறர்க்கு உரைத்தலால் வரும் கூறும் வந்து அமர்ந்தவர்க்கே உரியவை.

வாராமையின் காரணங்கள்

வாராமை எல்லாம் சோம்பலால் வருவது என்று கூறுதல் நடுநிலை ஆகாது. மலைநாட்டு மாணவர்க்குத் தடைகள் பல. பெருமழையில் ஓடை பெருகிப் பாதை மறையும். மிளகு பழுக்கும் தை, மாசித் திங்கள்களில் வீட்டில் எல்லாக் கைகளும் வேண்டப்படும்; தேர்வு நெருங்கும் காலமும் அதுவே. பெற்றோர் வேலை தேடி வெளியூர் செல்லும்போது பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. தாய் காட்டுக்குச் சென்றால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மூத்த பெண்ணின்மேல் விழும். அப்பெண் வகுப்பில் முதல் மாணவியாக இருப்பினும், தம்பியைத் தூக்கிய இடுப்போடு வாயிலில் நின்று பள்ளி செல்வோரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இத்தடைகளை நீக்குவதில் மாணவர்க்கு மட்டும் அன்றி நாட்டுக்கும் பங்கு உண்டு. பசித்த வயிற்றோடு பாடம் கேட்டல் இயலாது என்பதை உணர்ந்தே, 1920இல் சென்னை மாநகராட்சியின் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கும் முயற்சி தொடங்கப்பெற்றது. இளமையிலேயே படிப்பை நிறுத்த நேர்ந்த காமராசர், முதலமைச்சராய் இருந்த காலத்தில், 1956இல் மதிய உணவுத் திட்டத்தை மாநிலம் எங்கும் பரவச் செய்தார். 1982இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் தொடக்கப் பள்ளி மாணவர்க்குக் காலை உணவுத் திட்டமும் தொடங்கப்பட்டது. தொலைவில் வாழும் மலை மாணவர் தங்கிப் படிப்பதற்கென அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஏற்பட்டுள்ளன. ஒரு குடம் நீரும் ஒரு படி அரிசியும் பள்ளியின் கரும்பலகையைப் போலவே கல்விக் கருவிகள் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

நாடு இவ்வளவு செய்த பின்னரும் வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியவை உள்ளன. நோயால் வர இயலாதபோது பெற்றோர் கையொப்பத்துடன் விடுப்பு விண்ணப்பம் அனுப்புதல் வேண்டும். அஃது வெறும் சடங்கு அன்று; 'என்னை மறந்துவிடற்க; நான் மீண்டும் வருவேன்' என்னும் உறுதிமொழி. அறுவடைக் காலத்தில் வேலை மிகுமாயின், பள்ளி விட்ட பின்னும் விடுமுறை நாளிலும் உதவுவதாகப் பிள்ளைகள் பெற்றோரிடம் பணிவாய் எடுத்துரைக்கலாம். அவர் சொல்லுக்கு இணங்காவிடின் ஆசிரியரிடம் தெரிவிக்கலாம். ஆசிரியர் வீடு தேடிச் சென்று பெற்றோரிடம் இரண்டு சொற் கூறினால், பத்து ஆணைகள் செய்யாததை அவ்விரு சொற்கள் செய்துவிடும். பல நாள் வாராது நின்ற மாணவன் மீண்டும் வரும் நாளில் "எங்கே போயிருந்தாய்?" எனச் சினந்து கேட்பதினும், "வந்தாயே, நன்று" என ஏற்றுக்கொள்வது மேலானது. முதல் நாள் நாணம் அடைந்தவன் இரண்டாம் நாள் வருதல் அரிது.

மாணவர் ஒழுக்கம்

வருகை உடலைப் பள்ளியிற் சேர்க்கும். ஒழுக்கமே உள்ளத்தைச் சேர்க்கும். நன்னூலார் மாணாக்கரை முத்திறத்தராகப் பகுத்து உவமைகளால் விளக்கினார். அன்னமும் ஆவும் போன்றவர் தலைமாணாக்கர். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம்போல் அவர் நல்லதைப் பிரித்துக் கொள்வர். வயிறு நிறைய மேய்ந்து பின் ஓரிடத்திருந்து அசைபோடும் பசுப்போல் கேட்டதைச் சிந்திப்பர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைமாணாக்கர். உழவன் உழைத்த அளவே நிலம் விளையும். சொல்லிக் கொடுத்த அளவே கிளி பேசும். ஓட்டைக் குடமும், ஆடும், எருமையும், பன்னாடையும் போன்றவர் கடைமாணாக்கர். ஓட்டைக் குடம் பெற்றதை ஒழுகவிடும். ஆடு ஒரு செடியில் நில்லாது பலவற்றை நுனிப்புல் மேயும். எருமை குளத்தைக் கலக்கிவிட்டு நீர் பருகும். பன்னாடை நெய்யை விட்டுக் கசடைப் பற்றும்.

இவற்றுள் எருமையின் உவமையைச் சிறப்பாக எண்ணுதல் வேண்டும். ஓட்டைக் குடம் தன் நீரையே இழக்கும். எருமையோ பிறர் பருகும் நீரையும் கலக்கிவிடும். வகுப்பில் கூச்சல் இடுபவன், அடுத்தவன் எழுதும்போது இடிப்பவன், ஆசிரியரை எள்ளிச் சிரிப்பை மூட்டுபவன் ஆகியோர் தம் பாடத்தை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. நாற்பது பேரின் பாடத்தையும் கெடுக்கின்றனர்.

இவற்றினும் கொடியது ஏளனம். மலையிலிருந்து இறங்கிச் சமவெளிப் பள்ளியில் சேரும் மாணவன் ஒருவனின் பேச்சில் மலைவழக்குச் சொல் ஒன்று வருகின்றது, வகுப்பு நகைக்கின்றது. அவன் உடை பழையதாக இருக்கிறது, அதனையும் நகைக்கின்றது. நகைத்தவர் அன்று மாலையே அதனை மறந்துவிடுவர். நகைக்கப்பட்டவன் மறப்பதில்லை. மறுநாள் அவன் பெயர் அழைக்கப்படும்போது விடை வருவதில்லை. பதிவேட்டில் வராமைக் குறி அவன் பெயருக்கு நேரே விழுகின்றது. ஆயினும் அக்குறிக்கு உரியவர் நகைத்தவரே அன்றோ? ஆகவே, ஒருவனுடைய ஒழுக்கம் மற்றொருவனுடைய வருகையைக் காக்கவும் கெடுக்கவும் வல்லது. அவன் சொல்லிய மலைவழக்குச் சொல் பழந்தமிழ்ச் சொல்லாகவும் இருக்கலாம். அதன் பொருளைக் கேட்டு அறிந்துகொள்பவனே அன்னம் போன்றவன்.

ஒழுக்கம் என்பது பெரிய செயல்களில் மட்டும் அமைவதன்று. மணி அடிக்குமுன் வந்து சேர்தல். தூய உடை உடுத்தல். ஆசிரியர் வரும்போது எழுந்து வணங்குதல். ஒருவர் பேசும்போது குறுக்கிடாமை. வீட்டுப்பாடம் செய்யாதபோது பொய் கூறாது உண்மை கூறல். தேர்வில் பிறர் விடையைப் பாராமை. மேசையிலும் சுவரிலும் கிறுக்காமை. உணவு உண்ட இடத்தைத் தூய்மை செய்தல். குடிநீர்க் குழாயை மூடிச் செல்லுதல். பாட வேளையில் கைப்பேசியைத் தீண்டாமை. இளையோரைக் காத்தல் ஆகிய இவையெல்லாம் சிறியனவாகத் தோன்றும். சிறு துளி பெரு வெள்ளம் என்பது இவற்றுக்கும் பொருந்தும்.

பிரம்பும் மனச்சான்றும்

பழைய திண்ணைப் பள்ளிகளில் ஆசிரியர் கையில் பிரம்பு இருந்தது. தாமதித்து வந்தவன் அடி பெற்றான். வாராதவனை இழுத்து வரச் சட்டாம்பிள்ளை அனுப்பப்பட்டான். அவ்வச்சத்தால் வந்தவரும் உண்டு; அவ்வச்சத்தாலேயே ஓடி ஒளிந்தவரும் உண்டு. அடிக்கு அஞ்சி மலைக்காட்டில் ஒளிந்த சிறுவனை எந்தச் சட்டாம்பிள்ளையும் தேடிக் காணல் இயலாது. இன்று 2009ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளியிற் பயிலும் பிள்ளைகளை உடலால் ஒறுத்தலையும் உள்ளத்தால் துன்புறுத்தலையும் விலக்கியுள்ளது.

பிரம்பு நீங்கியமையால் ஒழுக்கமும் நீங்கிவிடலாமோ என்று ஐயுறுவோர் உளர். அவ்வையத்துக்கு விடையளிக்க வேண்டியவர் ஆசிரியர் அல்லர், மாணவரே. அஞ்சி ஒழுகுபவனது ஒழுக்கம் ஆசிரியர் வகுப்பை விட்டு நீங்கும் வரையே நிற்கும். தானே உணர்ந்து ஒழுகுபவனது ஒழுக்கம் யாரும் காணாத இடத்தும் நிற்கும். காவலன் இல்லாத தோட்டத்தில் பழுத்த பலாவைப் பார்த்துவிட்டுக் கைவையாமற் செல்பவனே ஒழுக்கம் உடையவன். கையினின்று பிரம்பை எடுத்த சட்டம், அதன் இடத்தில் மாணவரின் மனச்சான்றை வைத்துள்ளது.

மாணவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கும் பள்ளி ஆசிரியரிடமும் அதனை எதிர்பார்க்கின்றது. ஆசிரியர்க்கும் வருகைப் பதிவேடு உண்டு. எழுபது வளைவும் ஏறிக் காலத்தோடு வந்து நிற்கும் ஆசிரியரைக் கண்ட மாணவர்க்குக் காலந்தவறாமை பற்றித் தனியே ஒரு பாடம் நடத்த வேண்டுவதில்லை. ஆசிரியர் வாராத பள்ளிக்கு மாணவர் வாராமை வியப்பன்று.

"உள்ளேன்"

கொல்லிமலைத் தெய்வத்தை முன்னிலைப்படுத்தி அம்பலவாணக் கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் உலகியல் ஒழுக்கங்களை எடுத்துரைக்கும் நீதிநூல். ஒரு மலை தன் பெயரால் ஒரு நீதிநூலையும், தன் அரசனால் ஓர் அடக்கப் பண்பையும், தன்னிடத்தில் வளர்ந்த மருத்துவரால் ஓர் அரிய உண்மையையும் தமிழ் மாணவர்க்கு வழங்கியுள்ளது. அம்மலையின் பிள்ளைகள் அம்மூன்றையும் பெறுவதற்கு முதற்கண் செய்ய வேண்டுவது ஒன்றே, பள்ளிக்கு வருதல்.

பனி விலகாத காலையில் ஒற்றையடிப் பாதையில் நடந்து வந்து, ஈரக்காலைத் துடைத்துக்கொண்டு, தன் இடத்தில் அமர்ந்து, பெயர் அழைக்கப்பட்டதும் "உள்ளேன் ஐயா" என்று ஒரு மாணவி கூறுகிறாள். அச்சொல்லில் எத்தனை செய்திகள் அடங்கியுள்ளன! தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பாட்டி ஒப்புக்கொண்டாள் என்பது அதில் உண்டு. மிளகு பறிக்கும் வேலையை மாலைக்கு ஒதுக்கினார் தந்தையார் என்பதும் உண்டு. நேற்று யாரும் தன்னை நகைக்கவில்லை என்பதும் உண்டு. வீடும் நாடும் பள்ளியும் உடன் பயில்வோரும் தத்தம் கடமையைச் செய்தமையாலேயே அந்தச் சொல் ஒலிக்கின்றது.

ஆதலின், மாணவர்காள்! நாளை உங்கள் பெயர் அழைக்கப்படும்போது அவ்விடையை வாயால் மட்டும் கூறாது, உடலும் உள்ளமும் ஒருங்கே அமர்ந்திருக்கக் கூறுங்கள். அருகிலுள்ள இடம் வெறுமையாக இருக்குமாயின், மாலையில் அவ்வீட்டு வாயிலுக்குச் சென்று, "இன்று ஏன் வரவில்லை?" என்று அன்போடு கேளுங்கள். மறுநாள் அந்தப் பெயருக்கும் விடை வரும்.